ஒரு தட்டும் மூன்று விரல்களும்

பள்ளி விடுமுறை தொடங்கிய திங்கட்கிழமை காலை, கடல் கடந்து கிளென் ஈடனில் வாழும் என் மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு தோசையைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தேன். எதிரே என் பேத்தி. ஆறு வயது. முன்பற்கள் இரண்டு விழுந்து, அதில் ஒன்று பாதி முளைத்திருந்தது. முழுத் தோசை என்றால் செமிபிரீவ், நான்கு எண்ணிக்கை. பாதி என்றால் மினிம், இரண்டு. கால்வாசி என்றால் கிராச்செட், ஒன்று. பியானோ புத்தகத்தில் இருக்கும் குறிகள் ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதுதான் அன்றைய பாடம்.

"தாத்தா, ஐ ஏட் த மினிம்," என்றாள்.

"பரவால்ல. இன்னொரு மினிம் தட்டுல இருக்கா?"

"அதையும் சாப்பிடணுமா?"

எனக்கு இந்த இசை தெரியாது. பொதுப்பணித் துறையில் பாலங்களின் அளவைச் சரிபார்த்து ஓய்வு பெற்றவன் நான். அவள் எழுந்திருக்கும் முன்பே எழுந்து, குழந்தைகளுக்கான அந்த மெல்லிய புத்தகத்தில் இரண்டு பக்கம் படித்துவிட்டு, அவள் எழுந்ததும் பல வருஷம் படித்தவன்போல் சொல்லிக்கொடுப்பேன்.

சொல்லிக்கொடுத்தே ஆகவேண்டிய நிலை. மகள் மருத்துவமனையில் நர்ஸ். மருமகனுக்குக் கணினி வேலை. பள்ளி மூன்று மணிக்கு விட்டால், அவர்கள் வரும்வரை குழந்தை என் பொறுப்பு. முந்தைய பருவத்தில் அந்த நேரத்தில் அவளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன். ஏழாம் வாய்ப்பாட்டுக்கு வந்தபோது அவளுக்கு மாலைதோறும் வயிற்றுவலி வர ஆரம்பித்தது. மருத்துவருக்குக் காரணம் தெரியவில்லை. மகளுக்குத் தெரிந்துவிட்டது.

"அப்பா, ஒரு ஸ்கூல் விட்டு இன்னொரு ஸ்கூலுக்கு வர்றா அவ. அந்த ஸ்கூல்லயே ஆஃப்டர் ஸ்கூல் கேர் இருக்கு. அஞ்சரை வரைக்கும் பாத்துக்குவாங்க. கூட விளையாடப் பிள்ளைங்க இருக்கும்."

"நான் எதுக்கு இருக்கேன்?"

"அதான் சொல்றேன், கடைசியா ஒரு தடவை பாக்கலாம். பியானோ டீச்சர் அவளைச் சேத்துக்கிட்டாங்கன்னா, நீங்களே கூட்டிட்டுப் போங்க, நீங்களே பிராக்டிஸ் பண்ண வைங்க. சேத்துக்கலைன்னா ஆஃப்டர் ஸ்கூல்தான். அப்புறம் என்கிட்ட மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

பியானோ டீச்சர் நான்கு ரயில் நிலையம் தள்ளி ரானுயியில் இருந்தார். ஈப்போவில் பிறந்து, சர்ச்சில் வாசித்து வளர்ந்த மலேசியத் தமிழ் அம்மா. வீட்டுக் கார் நிறுத்துமிடத்தைத் தடுத்து வகுப்பறை ஆக்கியிருந்தார். அவருக்கு ஒரு விதி உண்டு. புதிதாகச் சேரும் குழந்தை புத்தகத்தின் முதல் தாள வரியைப் பார்த்துக் கையால் தட்டிக் காட்ட வேண்டும். தட்டினால் இடம். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் வா என்பார். விடுமுறையின் இரண்டாம் வியாழக்கிழமை எங்களுக்கு நேரம் கொடுத்திருந்தார்.

குழந்தை இல்லாத அந்த வீட்டில் ஒரு மாலையை எப்படிக் கழிப்பது என்பது எனக்குத் தெரியும். சில நாள் அவள் தோழி வீட்டுக்குப் போனபோது பார்த்திருக்கிறேன். பின்வேலியின் பலகைகளை எண்ணுவேன். எரிவாயு அடுப்பு அணைந்திருக்கிறதா என்று போய்ப் பார்ப்பேன். அந்த வீட்டில் மின்சார அடுப்புதான் என்பது சமையலறைக்குப் போனபிறகு நினைவு வரும். ஆகவே தோசையை வெட்டினேன்.

புத்தகத்தைத் திறந்த நாளிலிருந்து எனக்கு ஒரு குடைச்சல். உள்ளே காலியாக இருக்கும் வட்டத்துக்கு மதிப்பு நான்கு. அதற்கு ஒரு காம்பு வரைந்தால் இரண்டாகிவிடுகிறது. உள்ளே மையை நிரப்பினால் ஒன்று. காம்பில் ஒரு வாலையும் மாட்டினால் அரை. வேலை கூடக்கூட மதிப்பு குறைகிறது. எந்த ஒப்பந்தக்காரராவது எனக்கு இப்படி ஒரு கணக்கு கொடுத்திருந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன். இதை அவளிடமே சொல்லிப் புலம்பினேன்.

"இட்ஸ் ஈஸி, தாத்தா," என்றாள் வாயில் தோசையோடு. "எம்ப்டின்னா டைம் இருக்கு. ஃபுல்னா டைம் இல்ல. லைக் அம்மா."

அன்று மாலை மகளிடம் இதைச் சொல்லலாமா என்று யோசித்து, சொல்லாமல் விட்டேன்.

மதிப்புகள் அவளுக்கு மூன்றே நாளில் வந்துவிட்டன. சிக்கல் ஓய்வுக் குறியில் வந்தது. ஒலி எதுவும் இல்லாமல் ஓர் எண்ணிக்கை சும்மா இருக்கச் சொல்லும் குறி அது. நெளிந்த புழுபோல் இருக்கும். அவள் அதன்மேல் நிற்கவே மாட்டாள், தாண்டி ஓடிவிடுவாள். எனக்கும் அங்கே நிற்க முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து "டா டா" என்று சொல்லிக்கொண்டு போவோம், புழு வந்ததும் இரண்டு பேருமே அடுத்த "டா"வில் போய் விழுவோம்.

அப்போதுதான் எனக்கு ஆதி தாளம் நினைவு வந்தது. நான் பாடக் கற்றவன் அல்ல, கச்சேரி கேட்டவன். எங்கள் ஊர் சபாவில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டே பாதி ஆயுள் போயிற்று. என் தட்டு சத்தமாக விழும். மனைவி இருந்தவரை, முன்வரிசையில் யாராவது திரும்பிப் பார்த்தால், என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து அமுக்கிக்கொள்வாள். நான் இடது கைக்கு மாறுவேன்.

அந்தத் தாளத்தின் முதல் பாதி நான்கு எண்ணிக்கை. உள்ளங்கையால் ஒரு தட்டு. பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று வரிசையாகத் தொடையில் வைக்க வேண்டும். பாடுகிறவர் பாடினாலும் நிறுத்தினாலும் கை நிற்காது. இந்தப் புத்தகத்திலும் கோடு போட்டுப் பிரித்த ஒரு கட்டத்துக்கு நான்கு எண்ணிக்கைதான். எவ்வளவு பொருத்தம்! வாய் "டா" சொல்லட்டும், கை கணக்கை வைத்துக்கொள்ளட்டும். புழு வந்தால் வாய் மூடியிருக்கும், கையில் ஒரு விரல் மட்டும் போய் உட்காரும்.

அவள் ஒரு காலை நேரத்துக்குள் பிடித்துக்கொண்டாள். குட்டித் தொடையில் தட்டு விழும், விரல்கள் ஒவ்வொன்றாக இறங்கும், வாய் பிசகாமல் சொல்லும். ஓய்வுக் குறியில் மோதிரவிரல் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே வாயை இறுக்கி மூடிக்கொள்வாள், தண்ணீருக்குள் முங்கியதுபோல. வயிற்றுவலி வரவில்லை. ஒவ்வொரு மாலையும் மகளுக்கு அதைத் தகவலாகத் தெரிவித்தேன்.

வியாழக்கிழமை ரயிலேறி ரானுயிக்குப் போனோம். மழை சரிந்து பெய்தது. டீச்சர் கதவைத் திறந்ததும், "வாங்க ஐயா, பசியாறிட்டீங்களா?" என்றார். பசியாறியாயிற்று என்றேன். நான் வெளியே நடைபாதை நாற்காலியில் இருக்க வேண்டும் என்றார். வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள் அவர்கள் முகத்தைப் படிப்பார்களே ஒழியப் புத்தகத்தைப் படிக்க மாட்டார்களாம். கதவு சாத்தப்பட்டது.

அந்த வரி எனக்கு மனப்பாடம். முதல் கட்டத்தில் நான்கு கிராச்செட். இரண்டாவதில் இரண்டு மினிம். மூன்றாவதில் கிராச்செட் இரண்டு, ஓய்வு, மறுபடி ஒரு கிராச்செட். கடைசியில் ஒரு செமிபிரீவ். மொத்தம் பத்துத் தட்டு. உள்ளே டீச்சரின் குரல் கேட்டது. "வாயைத் தொறக்கக் கூடாது, சரியா? கை மட்டும் தட்டணும்."

ஒரு தட்டு விழுந்தது. அமைதி. நான் நாற்காலியின் நுனிக்கு வந்தேன். இன்னொரு தட்டு. மறுபடி அமைதி. மொத்தம் நான்கு தட்டு விழுந்தது, அதோடு முடிந்தது. டீச்சர் மறுபடி செய்யச் சொன்னார். மறுபடி நான்கு.

வெளியே வந்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பிள்ளை நல்ல பிள்ளை ஐயா. ஆனா இன்னும் ரெடியா இல்லலா. எந்த நோட்டு போட்டாலும் ஒரே தட்டு, அப்புறம் சும்மா ஒக்காந்து தொடையில வெரலை வச்சு வெளையாடிக்கிட்டு இருக்கு. வெச்சுப் பாப்போம், அடுத்த வருஷம் கூட்டியாங்க. அம்மாவுக்கு நானே மெசேஜ் போட்டுடறேன்."

"வீட்டுல நல்லா பண்ணினாளே..."

"வீட்டுல எல்லாப் பிள்ளையும் நல்லாத்தான் பண்ணும்."

ரயிலில் குழந்தை சன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். ஸ்டர்ஜஸ் ரோடு, ஹெண்டர்சன், சன்னிவேல் என்று நிலையங்கள் ஒவ்வொன்றாகப் போயின. பயந்துவிட்டாள் என்று முடிவு செய்தேன். பத்தில் நான்கு. மீதி ஆறு எங்கே போயிருக்கும் என்று வீடு வந்துசேரும்வரை மனம் அரித்துக்கொண்டே இருந்தது.

மகள் அன்று மாலை சீருடையைக்கூட மாற்றாமல் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். மருமகன் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மாமா, சர்க்கரை கம்மியாத்தான் போட்டிருக்கேன்," என்று சொல்லிப் பேச்சு சூடாவதற்குள் நழுவிவிட்டார்.

"அப்பா, உங்களைக் குத்தம் சொல்லலை."

"சொல்லு. சொல்றதுக்கென்ன."

"மெதுவா, விளையாட்டா போகவேண்டியதை நீங்க கணக்குப் பரீட்சை ஆக்கிடறீங்க. அவ அங்க போய் மிரண்டு போயிட்டா. திங்கக்கிழமையில இருந்து அஞ்சு நாளும் ஆஃப்டர் ஸ்கூல். நாளைக்கு சாயந்திரம் பேரைக் குடுத்துடறேன்."

"அஞ்சு நாளுமா?"

"அப்பா..."

மறுநாள் வெள்ளி. விடுமுறையின் கடைசி வேலை நாள். நான் நிலைகொள்ளாமல் இருந்தேன். துணி உலர்த்தும் கொடியைத் துடைத்தேன், அதில் துணியே இல்லை. குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துப்போய் வைத்துவிட்டு, அன்று குப்பை வண்டி வரும் நாள் அல்ல என்று திரும்ப இழுத்துவந்தேன். குழந்தை சன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தாள். சரி, ஐஸ்கிரீமாவது வாங்கிக்கொடுப்போம் என்று டெய்ரிக்கு, அந்த ஊரில் தெருமுனைக் கடைக்கு அதுதான் பெயர், கூட்டிக்கொண்டு கிளம்பினேன். மழைக்கோட்டு போடவேண்டியிருந்தது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட் மூடும்போது அடிக்கும் மணி, அந்த ஊரில் இருக்கிற யாருக்கும் தெரியும், ஓய்வே இல்லாமல் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருக்கும். நான் வழக்கம்போல் எண்ண ஆரம்பித்தேன். பக்கத்தில் இன்னொரு சத்தம் கேட்டது. ஈர பிளாஸ்டிக்கில் அடிக்கும் சத்தம். பார்த்தால் குழந்தை மழைக்கோட்டின்மேல் தொடையில் தட்டிக்கொண்டிருந்தாள். மணி நான்கு முறை அடித்தால் ஒரு தட்டு. பளார். பிறகு மூன்று விரல்கள், சத்தமே இல்லாமல். பளார். மறுபடி மூன்று விரல்கள்.

ஒரு பிசகும் இல்லை. மணிக்கும் அவளுக்கும் மயிரிழை இடைவெளி இல்லை.

"நேத்து மிஸ் வீட்டுல என்ன தட்டினே, கண்ணு?"

"திஸ்." தட்டு, சுண்டு, மோதிரம், நடு.

"முதல் கட்டத்துல நாலு கிராச்செட் இருக்குமே?"

"ஐ டிட் ஃபோர்!" அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "மிஸ் சொல்றாங்க ஒரே கிளாப்னு. பட் ஐ டிட் ஃபோர், தாத்தா. ஒன், டூ, த்ரீ, ஃபோர்." ஒவ்வொரு விரலையும் என் முகத்துக்கு நேராக நீட்டிக் காட்டினாள்.

காணாமல் போன ஆறும் அந்த விரல்களில் இருந்தன. டீச்சர் தட்டச் சொன்னது குறிகளை. நான் கற்றுக்கொடுத்தது எண்ணிக்கையை. வீட்டில் எப்போதும் வாய் திறந்திருந்ததால் குறிகள் வாயில் இருந்தன. வாயை மூடச் சொன்னதும் கணக்குப்பிள்ளைக் கை மட்டும் மிச்சம். சபாவில் உட்கார்ந்து தாளம் போடுகிறவனைப் பார்த்துப் பாட்டு எங்கே என்று கேட்டால் அவன் என்ன செய்வான்?

கேட் திறந்தது. நாங்கள் டெய்ரிக்குப் போகவில்லை. நேராக நிலையத்துக்குப் போனோம். மகளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள், வேண்டாம் என்றபிறகு போனால் அது வேறு வகை.

டீச்சர் கதவைத் திறந்தபோது கையில் ஒரு கிண்ணத்தில் தோலுரித்த ஃபைஜோவா பழங்கள் இருந்தன. எங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"ஐயா, நேத்துதான பேசினோம்."

"ஒரே ஒரு தடவை டீச்சர். வாயால சொல்லச் சொல்லிக் கேளுங்க. கையைப் பாக்காதீங்க. அவ்வளவுதான். அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கலை."

"நீங்க சொல்லிக்குடுத்து மனப்பாடம் பண்ண வச்சிருப்பீங்க."

"வேற வரி குடுங்க. பின் பக்கத்துல இருந்து குடுங்க."

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே கூப்பிட்டார். இந்த முறை என்னையும் விட்டார். செருப்பைக் கழற்றிக் கதவோரம் நின்றேன். அவர் பக்கங்களைப் புரட்டி, நாங்கள் தொட்டே பார்க்காத ஒரு வரியைக் காட்டினார். அதில் புழுக்கள் இரண்டு. குழந்தை வாயால் சொன்னாள், கை தொடையில் போய்க்கொண்டிருந்தது. இரண்டு ஓய்விலும் வாயை மூடி முங்கி, சரியாக வெளியே வந்தாள்.

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ரீட் பண்ணுதே இது! அந்த ரெஸ்ட்ல நிக்கிது பாருங்க. பெரிய பிள்ளைங்களே அவசரப்பட்டு விழுந்துடும்." பிறகு குழந்தையின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "இந்த வெரலு என்ன பண்ணுது?"

நான் தாளத்தை விளக்கினேன். சற்று நீளமாக விளக்கிவிட்டேன் போலிருக்கிறது. பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"எங்க சர்ச்ல இதெல்லாம் கெடையாது ஐயா. நான் என்னத்தக் கண்டேன், பிள்ளை ஒடம்பு சரியில்லாம தொடையைச் சொறிஞ்சிக்கிட்டு இருக்குன்னு நெனச்சேன்." சிரிப்பை நிறுத்தினார். "ஆனா சட்டம் சட்டம்தான். கை நோட்டைத்தான் தட்டணும். நாளைக்குப் பியானோவுல ஒக்காந்தா வெரலு நோட்டுக்குப் போகணும், கணக்குக்குப் போகக் கூடாது. அம்மா, இங்க பாரு. வட்டம் வந்தா தட்டு. வட்டம் இல்லன்னா கையை விரிச்சுக் காட்டு. வாய் மூடிக்கணும்."

குழந்தை என்னைப் பார்த்தாள். எண்ணிக்கையை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் அந்தப் பார்வை. நான் கூரையைப் பார்த்தேன்.

அவள் தட்ட ஆரம்பித்தாள். முதல் வரி. நான்கு. இரண்டு. மூன்றாம் கட்டம் வந்தது, இரண்டு தட்டு, கைகள் விரிந்து நின்றன. நான் கீழே பார்த்தேன். நாற்காலியில் இருந்து தரைக்கு எட்டாமல் தொங்கிய வலது காலில், மஞ்சள் சாக்ஸின் நுனி அசைந்தது. உள்ளே கால்விரல்கள் எண்ணிக்கொண்டிருந்தன. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மறுபடி தட்டு. கடைசியில் ஒன்று. பத்து.

"செவ்வாக்கெழமை நாலு மணி," என்றார் டீச்சர். "ஒரு கண்டிஷன். வீட்டுல பிராக்டிஸ் பண்றப்ப தாத்தா எண்ணக் கூடாது. வாயாலயும் கூடாது, கையாலயும் கூடாது. கையைப் பாக்கெட்ல போட்டுக்குங்க."

"போட்டுக்கறேன்."

"இப்பவே போடுங்க பாப்போம்."

போட்டுக்கொண்டேன். குழந்தைக்கு அப்படி ஒரு சிரிப்பு.

மாலையில் மகளுக்கு டீச்சரின் செய்தி எனக்கு முன்பே போய்விட்டது. சொல்லாமல் போனதற்குத் திட்டினாள். பிறகு குழந்தையைத் தட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். பிறகு அந்தக் கால்விரல் அசைவையும் பார்த்தாள்.

"செவ்வாயும் வியாழனும் உங்ககூட. மத்த மூணு நாள் ஆஃப்டர் ஸ்கூல்."

"வெள்ளி?"

"அவளுக்கும் சிநேகிதம் வேணும்ப்பா."

ஐந்தில் இரண்டு. நான் கேட்டது ஐந்து, முந்தைய நாள் கையில் இருந்தது பூஜ்யம். சரி என்றேன்.

அடுத்த வியாழக்கிழமை மாலை அவள் மேசையில் புத்தகத்தை விரித்தாள். நான் எதிர் நாற்காலியில், கம்பளிச் சட்டையின் பைகளில் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ரயில்வே கேட்டில் மணி அடித்து ஓய்ந்தது. அவள் ஒரு கட்டம் தட்டிவிட்டு நிறுத்தினாள்.

"தாத்தா, பாக்கெட் மூவ் ஆகுது."

"இல்லையே."

"ஐ கேன் சீ இட். அந்தப் பக்கமும்."

பைக்குள் விரல்களை மடக்கி இறுக்கிக்கொண்டேன். என் கையைப் பிடித்து அமுக்க யாராவது இருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவள் என் பைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். மூன்றாம் கட்டத்தில் புழு வந்தது. கைகள் விரிந்து நின்றன. எண்ணாமல் கடக்கும்போது ஓர் எண்ணிக்கை அவ்வளவு நீளமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவள் தவறவிட்டுவிட்டாள் என்றே நினைத்தேன்.

தட்டினாள்.